எழுபத்தொன்றாவது வளைவு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். மாட்டுக் கொட்டகை கண்ணுக்குத் தெரியவே எட்டரை ஆகிவிட்டது. குளிர்.

மிளகு பறிப்பு, மூன்றாம் நாள். இன்றைக்கு மேட்டுக் காட்டில் ஆறு மரம். வீட்டுக்காரர் ஏணியில், நான் கீழே. ஏணி என்றால் ஒற்றை மூங்கில்தான். கணுவுக்குக் கணு கால் வைக்க ஒரு துண்டு விட்டு வெட்டியது. பழகியவர்தான் ஏற முடியும். அவர் கொடியிலிருந்து சரம் சரமாகப் பறித்து மடியில் போட, சிந்தியதை நான் குனிந்து பொறுக்க. இடுப்பு கழன்றுவிட்டது.

இது மகள் பிரியாவின் ரெக்கார்டு நோட்டு. நர்சிங் படிக்கிறவள், பாதி எழுதி மீதியை அப்படியே போட்டுவிட்டு நாமக்கல் விடுதிக்குப் போய்விட்டாள். ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை. கோட்டுப் பக்கம் நாட்குறிப்பு. வெள்ளைப் பக்கம் தமாஷ்.

செய்ய வேண்டியவை:
மாமாவுக்கு (அவர் அப்பா) வெந்நீர்.
தார்ப்பாய் ஓட்டையைத் தைக்க.
பிரியாவுக்குப் போன்.
கிழங்கு தோண்ட. (இதை நான்கு நாளாக எழுதுகிறேன்.)

இன்றைக்கும் அவர் ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே எங்கேயோ பார்வை. ஒவ்வொரு மரத்திலும் இதே கதை.

“ஏனுங்க, அங்க என்னங்க தெரியுது?” என்றேன்.

“நாமக்கல்லு தெரியுது” என்றார்.

எதிரே சில்வர் ஓக் இலை. அதற்குப் பின்னால் இன்னும் இலை. நாமக்கல் எங்கே தெரிகிறது? எனக்குச் சிரிப்பு. வெள்ளைப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:

“என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க ஏணியில் ஐந்து கணு ஏறுவார். ஐந்து நிமிடம் இயற்கையை ரசிப்பார். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போகாத குறையை ஒரே மரத்தில் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.”

நாளைக்குப் பாறைக்குப் போய்ப் போட வேண்டும்.


பிப்ரவரி 4, புதன்

வெயில் நன்றாக இருந்தது. நேற்றைய மிளகைக் காலால் மிதித்து உதிர்த்துத் தார்ப்பாயில் கொட்டியாயிற்று. பாதம் இரண்டும் எரிகிறது. தேங்காய் எண்ணெய்.

நான்கு மணிக்கு மேல் பாறைக்குப் போய்ப் பதிவு போட்டேன். எங்கள் பக்கம் டவர் எடுக்காது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையின் உச்சியில் மட்டும் இரண்டு கோடு, சில நாள் மூன்று. ஊரில் பாதிப் பேர் அங்கேதான் போன் பேசுவார்கள். அதனால் யாரும் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பதில்லை.

போனில் நான் நடத்தும் பக்கத்தின் பெயர் எழுபத்தொன்றாவது வளைவு. காரவள்ளியிலிருந்து மலை மேலே வர எழுபது கொண்டை ஊசி வளைவு. அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது, அது எங்கள் வீடு. படம்: வளைவில் நட்டிருக்கும் உருண்டைக் கண்ணாடி. ஆடியில் ஆரம்பித்தேன். இப்போது மூவாயிரத்துச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். எழுதுவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பிரியாவுக்குக்கூட.

எப்படி ஆரம்பித்தது என்று யோசித்தால், அந்தத் தலையணைப் புத்தகத்தால்தான். சேந்தமங்கலத்தில் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கியது. யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்திருக்கிறார்கள். எத்தனை தரம் படித்தேனோ. கதாநாயகி மூன்று வாரமாக ரயில் படியில் தொங்குகிறாள், நடுவில் பல்பொடி விளம்பரம். கதையைவிட எனக்குப் பிடித்தது பக்க ஓரத்துத் துணுக்குகள். பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டியதில் பாதித் துணுக்குக்குப் பதிலே இல்லை. கேள்வி இருக்கும், “மனைவி:” என்று போட்டு அதோடு கத்தரி. மீதியை நானே எழுதிக்கொள்வேன். எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.


பிப்ரவரி 5, வியாழன்

எழுதவே மனமில்லை. ஆனாலும்.

மத்தியானம் வெயில். மாமாவின் மாத்திரை வாங்க அவர் செம்மேட்டுக்குப் போயிருந்தார். “நாலு மணிக்கு மிளகை வாரிரு, மஞ்சு எறங்குது” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்றரைக்கு நான் பாறையில். ஏணிப் பதிவுக்கு எத்தனை பேர் சிரித்திருக்கிறார்கள் என்று பார்க்க. பத்து நிமிடம் என்றுதான் போனேன்.

இதுவரை எந்தப் பதிவுக்கும் இவ்வளவு பதில் வந்ததில்லை. ஒருத்தி எழுதியிருக்கிறாள், “எங்க ஊட்டுக்காரரு பைக்கைத் தொடைக்கும்போது இப்படித்தான் ரசிப்பாரு.” இன்னொருத்தி, “அண்ணனுக்கு மரத்திலேயே ஒரு சேர் போட்டுக் குடுங்க.” நான் தனியாக உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நேரம் போனது தெரியவில்லை. கையில் ஈரம் பட்ட பிறகுதான் தூறல் என்றே தெரிந்தது.

ஓடி வருவதற்குள் மழை வலுத்துவிட்டது. அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். தார்ப்பாயின் ஒரு மூலையை மாமா பிடித்து இழுக்கிறார், எண்பது வயதில். மறு மூலையை இவர். மிளகு முழுக்க நனைந்து, தண்ணீரில் மிதந்து, பாதி மண்ணில்.


பிப்ரவரி 6, வெள்ளி

விடாத தூறல். மிளகு திண்ணமாகக் கெட்டுப்போகும். அடுப்பு மேலே சாக்குப் பரப்பிக் கொஞ்சம் போட்டிருக்கிறேன். வீடெல்லாம் காரம், மாமாவுக்குத் தும்மல்.

நேற்று நடந்தது, மறப்பதற்கு முன்னால்:

“நான் உசுரக் குடுத்து ஏறிப் பறிச்சது சரசு. நீ பாறையில பல்லக் காட்டிட்டு இருந்தயா?”

“பத்து நிமிசம்னுதாங்க போனேன்.”

“வார வழியிலயே பாத்தேன். ஆருகூடப் பேசிச் சிரிச்ச?”

“ஆருகூடவும் இல்லீங்க.”

“தனியா உக்காந்து ஆரு அப்பிடிச் சிரிப்பா?”

சொல்லியிருக்கலாம். போனை நீட்டி, இந்தாங்க படிங்க என்று கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன இருக்கும் அதில்? அவரேதான் இருப்பார், தலை முதல் கால் வரை. அதுவும் போக, இருபத்து மூன்று வருடத்தில் இந்த வீட்டில் எனக்கென்று பூட்டுப் போட்ட ஒரு பெட்டி கிடையாது. இது ஒன்றுதான். அதைத் திறந்து காட்ட மனம் வரவில்லை.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட சந்தேகம் அவருக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.


பிப்ரவரி 8, ஞாயிறு

பேச்சு இல்லை, மூன்றாம் நாள். இனிமேல் பே.இ. என்றே எழுதுகிறேன், பேனா மை மிச்சமாகும்.

வெயில் வந்தது. மிளகில் வெள்ளையாகப் பூசணம். நல்லதைத் தனியாகப் பொறுக்கினேன். இரண்டு முறம் தேறியது. அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என்னிடம்தான் பேச்சு இல்லை. மணியிடம் நன்றாகப் பேசுகிறார். மணி எங்கள் நாய்.

காலையில்: “மணி, கஞ்சியில உப்பு இல்லைன்னு சொல்லு.”

நான்: “மணி, உப்பு டப்பா அவருக்கு ஒரு சாண் தூரத்துல இருக்குதுன்னு சொல்லு.”

மத்தியானம்: “மணி, பாறைக்கு இன்னிக்குப் போகலையான்னு கேளு.”

மணி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாமாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாமாவுக்குக் காது மந்தம், இந்த வீட்டிலேயே நிம்மதியாக இருப்பது அவர் ஒருவர்தான்.


பிப்ரவரி 9, திங்கள்

பே.இ. 4.

பாறைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். போனேன். விறகு பொறுக்கும் சாக்கில். வெட்கம் கிடையாது எனக்கு.

முதலில் பிரியாவுக்குப் போன். “அம்மா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?” “சளி கண்ணு.” “அப்பா எப்படி இருக்கறாரு?” “இருக்கறாரு.” நோயாளியைக் கேட்பதைப் போல இன்னும் நாலு கேள்வி கேட்டாள். படிப்பு வேலை செய்கிறது.

அப்புறம் பதிவு. நாயைக் கோழியாக்கிவிட்டேன், யாருக்கும் தெரியக் கூடாது என்று:

“எங்கள் வீட்டில் சமாதானப் பேச்சு நடத்துவது கோழி. ‘கோழி, கஞ்சியில உப்பு இல்லைன்னு சொல்லு.’ ‘கோழி, உப்பு டப்பா அவருக்கு ஒரு சாண் தூரத்துல இருக்குதுன்னு சொல்லு.’ நேற்றிலிருந்து கோழி முட்டை போடுவதில்லை. இரண்டு பக்கமும் வேலை பார்த்தால் யாரால்தான் முடியும்?”

போட்டுவிட்டு உடனே இறங்கிவிட்டேன். சிரிப்பு வரவில்லை. எழுதும்போது மட்டும் கொஞ்சம் லேசாக இருந்தது.


பிப்ரவரி 10, செவ்வாய்

பே.இ. 5. மாமா வெந்நீர் சூடு போதவில்லை என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார். கிழங்கு ஒருவழியாகத் தோண்டினேன். பன்றி முன்னாலேயே தோண்டிவிட்டதில் மிச்சம்.

மத்தியானம் தலையணைப் புத்தகம். பத்துப் பக்கம் படித்துத் தூங்கிப் போனேன். கதாநாயகி இன்னும் ரயில் படியில். இறங்கித் தொலையேன் என்று இருந்தது.

அவர் வேலிப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கிறார். மேட்டுக் காட்டில் இன்னும் இரண்டு மரம் பறிக்காமல் நிற்கிறது. போகவில்லை. என் மேல் கோபம், மிளகு என்ன செய்தது?


பிப்ரவரி 12, வியாழன்

பே.இ. 7. ஆனால் இன்றைக்கு வேறு.

அவர் செம்மேட்டுக்குப் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தார். வரும்போதே சிரிப்பு. நான் சமையலறையில் கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்து நான் கேட்டு எத்தனை மாதமோ. கை தானாக நின்றுவிட்டது.

மாமாவின் கட்டிலில் உட்கார்ந்து, காது கேட்க வேண்டுமே என்று கத்திப் படிக்கிறார்.

“இதக் கேளுங்கப்பா. பிரியா அனுப்பியிருக்கறா. டீக்கடையில எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டினேன், அத்தன பேரும் சிரிச்சுப்போட்டாங்க. ஒருத்தன் பொண்டாட்டிகூடச் சண்டையாம். கோழிகிட்டச் சொல்லித்தான் பேசறானாம்!”

அந்தப் பதிவு அவள் போனுக்குப் போய், அவள் பக்கத்தின் பெயரோடு எங்கள் குடும்பக் குரூப்பில் போட்டு, டீக்கடை டவரில் இவரிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

முழுக்கப் படித்தார். உப்பு டப்பா, ஒரு சாண், முட்டை. படித்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். “வெளங்காதவன் போல. பாவம் அந்தப் பொம்பள.”

அவருக்குத் தெரியவில்லை! உப்பு டப்பாவைப் படித்தும் தெரியவில்லை. நான் மூச்சு விட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “கோழியா?” என்றார். “நம்மூட்டுல நாயல்லோ சாமி?”

சிரிப்பு அப்படியே நின்றது. நாள் முழுக்க எதுவும் கேட்காத மனிதருக்கு அது மட்டும் எப்படிக் கேட்டது?

நான் கிழங்கை உரித்தேன். உரித்ததையே மறுபடி உரித்தேன். அவர் சமையலறைப் பக்கம் வரவில்லை. சாப்பிடும்போது மணியிடம்கூட ஒரு வார்த்தை கிடையாது.


பிப்ரவரி 13, வெள்ளி

பனி இல்லை. நல்ல வெயில், காற்று.

கஞ்சி குடித்ததும் போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார். வாசலில் மிளகு கிளறிக்கொண்டே பார்த்தேன். உச்சியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். விரல் மேலே போகிறது, மேலே போகிறது. சிரிக்கிறாரா என்று இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை.

பக்கத்தையே அழித்துவிடலாம் என்று தோன்றியது. அழிக்கவும் பாறைக்குத்தான் போக வேண்டும். பாறையில் அவர்.

என்னென்ன எழுதினேன் என்று நினைத்துப் பார்த்தேன்:
குறட்டையை மண் லாரி மேட்டில் ஏறுவதோடு ஒப்பிட்டது.
பிரியா அட்மிஷனுக்கு அவர் போட்டுப்போன சட்டையை இன்னும் புதுச்சட்டை என்கிறார் என்று.
பஸ்ஸில் வாந்தி வருமென்று இருபது வளைவு வரை கண்ணை மூடிக்கொள்வது. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை, நான்தான் மூவாயிரம் பேருக்குச் சொன்னேன்.
ஏணியில் இயற்கை ரசிப்பது.

எழுதும்போது எல்லாம் தமாஷ். இப்போது ஒவ்வொன்றாக அவர் படிக்கிறார். ஒரு பக்கம் அந்தச் சந்தேகமாவது தீருமே என்று ஒரு நப்பாசை. இதில் வேறு ஆள் யாரும் இல்லை, பாருங்கள், எல்லாமே நீங்கள்தான்.

ஒன்றரை மணி நேரம். பிறகு இறங்கினார். பாறையில் வெட்டிய படிதான், குழந்தைகள் ஓடி இறங்குவது. இவர் ஒவ்வொரு படியிலும் நின்றார். கையை ஊன்றி, ஒரு காலை இறக்கி, மறு காலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, நின்றார். இங்கேயும் இயற்கையா என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பு பிடிக்கவில்லை.

வந்து மிளகைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வேறு ஏதோ. பே.இ. 8.


பிப்ரவரி 14, சனி

லேசான பனி, சீக்கிரம் விலகிவிட்டது. நேற்றுத் தூக்கம் சரியில்லை. தலைவலி. இட்லி மாவு புளித்துவிட்டது.

காலையில் அவர் மூங்கில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக் காட்டுக்குக் கிளம்பினார். கூப்பிடவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு நானும் பின்னால். எங்களுக்கு நடுவில் மணி.

ஏணியை மரத்தில் சாய்த்துக் கட்டினார். ஏறவில்லை. முதல் கணுவில் கை வைத்து, அண்ணாந்து கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே சரம் சரமாக, பறித்தே ஆக வேண்டிய பதம். நான் சாக்கின் வாயை விரித்துக்கொண்டு நிற்கிறேன். ரொம்ப நேரம்.

அப்புறம் திரும்பாமலே பேசினார்.

“மணி, அந்த எழுபத்தொண்ணாவது வளைவுகிட்டச் சொல்லு. அந்த ஆளு ஏணியில நின்னு இயற்கைய ரசிக்கலையாம். முட்டி புடிச்சுக்குதாம். எறங்கவும் முடியாம ஏறவும் முடியாமத்தான் நிக்கறானாம். அதையும் எழுதச் சொல்லு.”

மணி காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

நாமக்கல்லு தெரியுது என்று சொன்னாரே. நான் கீழே நின்று சிரித்தேனே. வெட்டுப்பட்ட துணுக்குக்குப் பதில் எழுதுகிற மாதிரி அவர் பாதியையும் நானே எழுதி, ஊரையே சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் போய்த்தான், அந்த முட்டியோடு ஏறிப் பறித்த மிளகை நனைய விட்டேன்.

“எந்த முட்டிங்க?” என்றேன். மணியிடம் அல்ல.

அவர் திரும்பினார்.

“எடது” என்றார்.

“எத்தன நாளா?”

“தைக்கு முன்னாடி இருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா ஆரு ஏறுவா சரசு?”

ஏணிக் கட்டை நானே அவிழ்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துக் கீழே படுக்க வைத்தோம். மேலே இருக்கும் மிளகு இருக்கட்டும், குருவி தின்னட்டும். திரும்பும்போது மேட்டில் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். நல்ல கனம்.

பிரியாவிடம் கேட்க வேண்டும்: எந்த டாக்டர், சேந்தமங்கலமா நாமக்கல்லா.
நல்லெண்ணெய் காய்ச்ச.
பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு.

இடது முட்டி. அதையும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், இந்த நோட்டில், கோட்டுப் பக்கத்தில்.